மேலிடத்துக்கு இரவல் போன மூஞ்சி

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்பது வருஷமாக எங்கள் மாலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில், வாரத்துக்கு மூன்று நாள், நான் வரைந்து கிழித்த அந்தப் பெரிய திருடனை நான் அத்தனை நாளும் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே வரைந்தேன். "அச்சு அசல் அவனேதான்" என்று ஊரே பாராட்டியது. ஊரும் அவரைப் பார்த்ததில்லை.

அந்த ஆளுக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் நகராட்சியில் ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றுவதென்றாலும், "மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்" என்பார்கள். கேட்டுக் கேட்டு அவர் பெயரே மேலிடம் ஆகிவிட்டது. தெரு விளக்கு, குப்பை வண்டி, ரோடு கான்ட்ராக்ட், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வேலை, எல்லாமே மேலிடம் பார்த்துப் போடுகிற பிச்சை. பத்திரிகைக்காரன் யாராவது போன் போட்டால் மெல்லிய குரல் ஒன்று, "எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிடும். படம் எடுக்க விடமாட்டார். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று அவ்வப்போது தெருவில் போகும். அதற்குள் அவர் இருப்பதாக ஐதீகம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஆசிரியர் கூப்பிட்டார். "மேலிடத்த வச்சு ஒரு கார்ட்டூன் போடுய்யா. பன்னெண்டு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும்" என்றார். அப்போது மணி பதினொன்று.

"ஆள் எப்படி இருப்பார் சார்?"

"திருடன் மாதிரி இருப்பான்" என்று சொல்லிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் கிளம்பிவிட்டார். எங்கள் ஆசிரியருக்குப் பொறுப்பு வரும்போதெல்லாம் பல் வலியும் கூடவே வரும். இத்தனை வருஷத்தில் ஒரு பல்லும் விழுந்ததில்லை.

நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மேஜையில் பிழை திருத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். புரூஃப் அண்ணன் என்றுதான் ஆபீஸில் எல்லோரும் கூப்பிடுவோம். பெரிய தொந்தி, அடுக்கடுக்காக மூன்று தாடை, உருண்டை மூக்கு, முறுக்கி விட்ட மீசை. பக்கத்தில் தப்பைக் கண்டுபிடித்தால் இடது புருவம் மட்டும் மேலே ஏறும். அந்த நேரத்தில் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வேறென்ன வேண்டும்? பிஸ்கட்டை எடுத்துவிட்டு நம்மூர்ப் புதுப் பாலத்தை அவர் கையில் கொடுத்தேன். பாலத்தை டீயில் முக்கித் தின்கிற மேலிடம். மீசை முதல் தொந்தி வரை அண்ணன்.

பக்கம் புரூஃபுக்கு அவர் மேஜைக்குத்தான் போயிற்று. வெகுநேரம் பார்த்தார். புருவம் ஏறியது.

"தம்பி, இது நான் இல்ல?"

"சேச்சே. தற்செயல் அண்ணே."

"மோதிரம் வலது கையில போட்டிருக்க. நான் இடது கையில போடுவேன். திருத்திடு" என்று சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். கோபமே இல்லை. தப்பு திருத்தப்பட்டுவிட்டால் அவருக்கு நிம்மதி. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வயதில் எங்கள் பத்திரிகையில் சேர்ந்தவர். இப்போது ஐம்பத்தி இரண்டு. ஒரு எறும்பை மிதித்திருக்கமாட்டார். ஒரு தரம் ஆபீஸ் பென்சில் தவறிப்போய்ச் சட்டைப் பையிலேயே வீட்டுக்குப் போய்விட்டதென்று லீவு நாளில் குளித்து முழுகி வந்து, வாட்ச்மேனை எழுப்பி, மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் அந்த மனுஷனால் சும்மா இருக்க முடியாது. முடிதிருத்துகிற கடையில் கடிகாரம் மூன்று நிமிஷம் வேகமாக ஓடினால் ஸ்டூல் போட்டு ஏறித் திருத்துவார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தால், இறங்குவதற்குள் கெஞ்சிக் கூத்தாடி சரியாகப் போட வைத்துவிடுவார். இதற்காக இரண்டு தரம் திட்டு வாங்கியிருக்கிறார், ஒரு தரம் அடியும் வாங்கியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர்தான் ஊரின் முதல் நம்பர் திருடனுக்கு மாடலாக உட்கார்ந்தார். அழகாக உட்காருவார். கவிழ்த்த குப்பைக்கூடைதான் சிம்மாசனம், ஒட்டடைக் குச்சிதான் செங்கோல். மேலிடம் ஊர் ஏரியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி ஒரு படம் போட்டேன். அதற்குக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றவர், இடையில் மூச்சு விட வேண்டும் என்பதை மறந்து நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். எழுந்ததும், "ஏரிக்கரையில மரத்துக்கு நிழல் போடலையே தம்பி" என்றார். அவர் எனக்காகக் கேட்ட ஒரே சலுகை, "காது மட்டும் கொஞ்சம் சின்னதா போடேன்" என்பதுதான். நான் போடவில்லை. எனக்குக் கலைத் திமிர்.

படம் ஊரெல்லாம் பரவியது. டீக்கடையில் ஒட்டினார்கள், பெட்டிக்கடையில் ஒட்டினார்கள். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இன்னொரு மனுஷன் தெருவில் நடந்தாக வேண்டும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் அவரிடம் காசு வாங்க மறுத்தான். அண்ணன் விடுவாரா? "டிக்கெட் குடுப்பா" என்று மூன்று ஸ்டாப் தாண்டியும் பிடிவாதமாக நின்றார். "நான் என்னங்க தப்பு பண்ணேன்? என் வேலைய எடுத்துடாதீங்க" என்று கண்டக்டர் அழுதேவிட்டான். முடிதிருத்துகிறவருக்குக் கை நடுங்கி மீசையில் பாதி போயிற்று. மாடலின் மீசை போனால் நான் என்ன செய்வேன்? மறுநாள் மேலிடத்துக்கும் பாதி மீசைதான் வரைந்தேன். அந்த வாரமே நகராட்சி உறுப்பினர்களில் ஏழு பேர் மீசையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மேலிடம் எப்படியோ அப்படி.

இதெல்லாம் கேட்டு ஆபீஸில் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் அண்ணி.

அண்ணிக்கு வாய் துடுக்கு, கை வேகம். ஆபீஸுக்குப் பின்தெருவில், மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவர். பிள்ளை குட்டி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் காய்கறி வாங்க இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். ஒரு நாள் கடைத்தெருவில் யாரோ ஒரு பெரியவர் அண்ணியை நிறுத்தி, "ஊர்ச் சொத்தத் தின்னுட்டு எப்படிம்மா செரிக்குது உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார். அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து கடைக்குப் போகும்போது அண்ணனுக்குப் பத்து அடி முன்னால் நடந்தார். இந்த ஆள் யாரோ, நான் யாரோ என்கிற மாதிரி.

அப்படி முன்னால் போனவர், ஒரு சாயங்காலம் அண்ணன் ரொம்பக் கிட்டே வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். தெருமுனையில் சாக்கடைக் குழி மூடியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அந்தத் தெருவில் மட்டுமல்ல, ஊர் முழுக்க அப்படித்தான். புது இரும்பு மூடி வாங்கியதாக நகராட்சி மூன்று தரம் கணக்குக் காட்டியிருந்தது. ஒரு மூடியும் தெருவுக்கு வரவில்லை. அண்ணி இடுப்பு வரை உள்ளே போனார். கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆத்திரம் வந்தால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். மறுநாள் கார்ட்டூனில் மேலிடத்துக்குப் பெரிய சட்டை ஒன்று போட்டு, பட்டனுக்குப் பட்டன் சாக்கடை மூடியை வைத்துத் தைத்தேன். சட்டைக்கு மேலே வழக்கமான மூஞ்சி. பிரமாதமாக வந்திருந்தது. அண்ணிக்குக் காட்டிச் சபாஷ் வாங்கலாம் என்று பேப்பரோடு ஆசையாக மாடியேறினேன்.

அண்ணி கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, மற்றக் காலால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பார்த்தார்.

"என் கால உடைச்ச மூடிய என் வீட்டுக்காரர் சட்டையில பட்டனா தைச்சு வச்சிருக்கீங்க" என்றார். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணி, அது மேலிடம்..."

"மூஞ்சி யாரோடது?"

நான் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அண்ணி கதவோரம் நின்ற அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "கட்டுப் பிரிக்க ஆறு வாரம்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள அந்தப் படத்துலேர்ந்து உங்க மூஞ்சி போயிடணும். போகலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். திருடன் பொண்டாட்டின்னு பேர் வாங்கிட்டு இந்தத் தெருவுல என்னால நடக்க முடியாது."

சொன்னதைச் செய்கிற ஆள் அண்ணி. படி இறங்கும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, என் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடுத்துடு" என்றார். இருபத்தேழு வருஷக் குடும்பம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்பது வருஷம் வளர்த்த மூஞ்சிண்ணே, டக்குனு மாத்தினா வாசகர்கள் ஒத்துக்கமாட்டாங்க. பாக்கலாம்" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அண்ணன் அதோடு விட்டுவிட்டு மனு எழுத உட்கார்ந்தார். தெருமுனைக் குழிக்கு ஒரு மூடி வேண்டும், அவ்வளவுதான். நாலு பக்கம், ஒரு அடித்தல் கிடையாது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சி ஸ்டோருக்குப் போனார்.

கவுன்ட்டரில் ஸ்டோர் கீப்பர் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மெதுவாகக் கனைத்தார். கண் திறந்த ஸ்டோர் கீப்பர் எழுந்த வேகத்தில் நாற்காலி ஒரு பக்கம், ஃபைல் ஒரு பக்கம். உள்ளே ஓடி இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்ஜினியர் வரும்போதே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஏமாற்றி ஒரு காரியம் செய்துகொள்ள அவருக்குத் தெரியாது. "சார், தப்பா நினைக்காதீங்க. நான் அவர் இல்லைங்க" என்றார்.

இன்ஜினியரின் முகம் மலர்ந்தது. "புரியுதுங்க ஐயா. நீங்க இல்லை. நீங்க வரவும் இல்லை."

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். மேலிடம் இத்தனை வருஷமும் ஊரை ஆண்டதே இப்படித்தான். எழுத்தில் ஒன்றும் கிடையாது. "நான் ஒண்ணும் சொல்லலை, ஆனா அந்த ரோட்டு வேலை அவனுக்குப் போகட்டும்" என்று போன் வரும். போகும். "எனக்குத் தெரியாது, ஆனா அந்தக் குமாஸ்தாவ மாத்திடுங்க" என்று வரும். மாறுவான். இல்லை என்று சொன்னால்தான் அது மேலிடத்து உத்தரவு என்று நகராட்சியே பழகிப் போயிருந்தது. அண்ணன் சத்தியத்தைச் சொன்னார். அவர்கள் அதற்கு முத்திரை குத்திக்கொண்டார்கள்.

"ஒரு மூடி வேணும்" என்றார் அண்ணன்.

"எல்லாம் உங்க குடோன்லதாங்க ஐயா பத்திரமா இருக்கு. இப்பவே எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அரை மணி நேரத்தில் ஒரு லாரி வந்துவிட்டது. ஒன்று கேட்டதற்கு நாற்பத்து மூன்று மூடி. முதல் மூடியை அண்ணி விழுந்த குழியில் போட்டார்கள். போட்டதைப் பார்த்தேன், அண்ணனின் இடது புருவம் ஏறியது.

"கோணலா இருக்கே. எடுத்துத் திருப்பிப் போடுங்க."

எடுத்தார்கள், திருப்பிப் போட்டார்கள். அண்ணன் நிமிர்ந்தார். இருபதடி தள்ளி அடுத்த குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதற்கப்பால் இன்னொன்று. முப்பது வருஷமாகத் தப்பைத் தேடிப் பழகின கண் அது, சும்மா இருக்குமா? இன்ஜினியர் கையில் இருந்த தெரு வரைபடத்தை வாங்கினார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். எங்கெங்கே குழியோ அங்கெல்லாம் வட்டம்.

அடுத்த நாலு மணி நேரம் நான் பார்த்த கூத்தை என்னால் ஜென்மத்துக்கும் வரைய முடியாது. முன்னால் அண்ணன். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு இன்ஜினியர். பின்னால் லாரி. வழியில் ஒரு பாதி மீசை உறுப்பினர் ஓடி வந்து சேர்ந்துகொண்டார், பிறகு இன்னொரு பாதி மீசை. மனசு உறுத்துகிறபோதெல்லாம் அண்ணன் நின்று, "திரும்பவும் சொல்றேங்க, நான் அவர் இல்லை" என்பார். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் வேலை இன்னும் வேகமாக நடந்தது. மாடியிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் நாலு தெருவில் ஒரு குழி பாக்கியில்லை. போகிற போக்கில் சாய்ந்து கிடந்த ஒரு விளக்குக் கம்பத்தையும் நிமிர்த்த வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னோம். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "மூடி வந்துடுச்சு, சரி. மூஞ்சி?" என்று கேட்டார். அப்போது நாலு வாரம் ஓடிவிட்டிருந்தது. அடுத்த வாரமும் ஓடியது. கதவோரம் பெட்டி ஒன்று துணிமணியோடு தயாராக வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் ஆபீஸில் பிஸ்கட்டை டீயில் முக்கிவிட்டு எடுக்க மறந்துபோனார். அண்ணி நிஜமாகவே போய்விடுவார் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஆறாவது வாரம், காலை பத்து மணி. ஆபீஸுக்கு ஒரு மனுஷர் வந்தார். ஒல்லியான உடம்பு. வெளுத்த சட்டை, கண்ணாடி, கக்கத்தில் ஒரு ஃபைல். ரிட்டயரான கணக்கு வாத்தியார் போல இருந்தார். "காணாமப் போனவங்க விளம்பரமா? அது கீழ் மாடி சார்" என்று எங்கள் பியூன் வழி சொன்னான்.

"நான்தாங்க அது" என்றார்.

"காணாமப் போனது நீங்களா?"

"இல்லைங்க. மேலிடம்."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. யாரோ பாவப்பட்டு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "அந்த மூடி போட்டதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றார். நான் சிரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். போனில் ஒன்பது வருஷமாகக் கேட்ட அதே குரல்.

அவர் பட்ட பாட்டைச் சொன்னார். இன்ஜினியருக்குப் போன் போட்டிருக்கிறார். "அன்னிக்கு வந்தது நான் இல்லை" என்றாராம். "சரிங்க ஐயா, நீங்க வரவே இல்லைங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு தெருவுக்கு மூடி அனுப்பிவிட்டானாம். "நிஜமாவே நான் இல்லைய்யா" என்று கத்தினாராம். மூன்றாவது தெருவுக்கும் போய்விட்டது. பொறுக்க முடியாமல் நேரிலேயே ஸ்டோருக்குப் போயிருக்கிறார். ஸ்டோர் கீப்பர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டாராம்.

"பதினேழாம் நம்பர் டோக்கன். என் ஸ்டோர்ல எனக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடிட்டாங்க" என்றார். "ஒன்பது வருஷமா நீங்க என்னத் திருடன்னு போட்டீங்க, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இனிமேயும் போடுங்க. எவ்வளவு வேணா போடுங்க. ஆனா என் மூஞ்சியப் போட்டுப் போடுங்க. அப்பதான் நான் யாருன்னு இவனுங்களுக்குத் தெரியும்."

எல்லோரும் ஆசிரியரைப் பார்த்தோம். ஆசிரியர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு இரட்டைச் சந்தோஷம். திருடன் தானே வந்து மாடலாக உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் மூஞ்சியும் அண்ணனுக்குத் திரும்பிப் போய்விடும். மேலிடம் சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் போட்டு விழுங்குகிற மாதிரி வரைந்தேன். ஆள் அசையாமல் உட்கார்ந்தார். "காது மட்டும் கொஞ்சம் சின்னதா..." என்று இழுத்தார். எல்லோருக்கும் காதுதான் பிரச்னை போலிருக்கிறது. முடிந்ததும் எட்டிப் பார்த்து, "நான்தான்" என்று பூரித்துப் போய்க் கிளம்பினார். "இன்னிக்குச் சாயங்காலமே வந்துடும்ல?" என்று வாசலில் நின்று ஒரு தரம் கேட்டுக்கொண்டார்.

பக்கத்தின் புரூஃப் வந்ததும் அண்ணன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஐம்பத்தி இரண்டு வயதுத் தொந்தி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மணி பதினொன்று இருபது.

"பாரு. நான் இல்ல" என்று அண்ணி மடியில் விரித்தார்.

அண்ணி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "யாருங்க இவரு? ஐயோ பாவம். சாப்பிட்டாரோ இல்லையோ. இவர் வாயில போய் யாரு இப்படி இரும்பத் திணிக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. "யாரும் திணிக்கல அண்ணி. அவரேதான் முழுங்கறாரு."

"முழுங்கற மூஞ்சியா இது?"

சீருடைக்கு அளவு கொடுக்க வந்திருந்த கீழ்வீட்டு அம்மாவும் குனிந்து பார்த்தார். "யாரு பெத்த பிள்ளையோ. பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு. பாத்து ஏதாவது உதவி பண்ணச் சொல்லுங்க" என்றார்.

என் வாழ்நாளிலேயே சிறந்த படம். அதற்கு ஊர் என்ன சொல்லப்போகிறது என்று இரண்டே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அவர்தான்மா மேலிடம்" என்றார் அண்ணன். "நெஜ மூஞ்சியே அதுதான்."

அண்ணி படத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் நீட்டியிருந்த தன் காலைப் பார்த்தார். மாவுக்கட்டு அழுக்கேறிப்போய், ஓரத்தில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மூஞ்சி பேப்பர்ல வந்தா இவனுக்கு ஊரே உச்சுக் கொட்டும்" என்றார்.

"கொட்டட்டும், விடு" என்றார் அண்ணன். நான் கேட்டே இராத குரல் அது. "எனக்கு அதெல்லாம் வேணாம். ஊர் எப்படியாவது போகட்டும். நம்ம மூஞ்சி நமக்கு வந்துடுச்சு. நீ பெட்டியப் பிரி."

"என் கால உடைச்சவன ஊர் பாவம்னு சொல்லணுமா?"

"நீ போயிடுவேன்னு சொன்னியே."

"சொன்னேன்." அண்ணி கை நீட்டி அவர் காதிலிருந்த பென்சிலை உருவினார். "எங்க போறது இந்தக் காலோட" என்று முனகிக்கொண்டே, அந்த ஒல்லி மூஞ்சியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடித்தார். பேப்பர் கிழிந்துபோகிற அளவுக்கு அடித்தார். "உங்க மூஞ்சியே இருக்கட்டும். அதுல பாத்தாதான் திருடன் திருடன் மாதிரி இருக்கான்."

அண்ணன் அந்த அடித்தலைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"அப்படி அடிக்கக்கூடாது. கம்போஸிங்ல குழம்பிடுவாங்க" என்று பென்சிலை வாங்கி, ஓரத்தில் முறைப்படி நீக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'பழையது போடவும்' என்று எழுதி, கீழே தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன். இந்த இரண்டு பேர் முன்னால் என் கலைத் திமிர் எந்த மூலைக்கு?

பன்னிரண்டுக்குப் பக்கம் போக வேண்டும். தையல் மெஷின் பலகையிலேயே தாளை விரித்தேன். அண்ணன் ஒரு சாப்பாட்டுத் தட்டை மூடியாகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இன்னும் பெருசா தொறங்க. ஊரையே முழுங்கறவன் இப்படியா தொறப்பான்?" என்று அண்ணி அதட்டினார். கீழ்வீட்டு அம்மா தட்டின் கோணத்தைச் சரி செய்தார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது படம் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் மேலிடத்திடமிருந்து நாலு போன் வந்தது. நாலுக்கும் ஆசிரியருக்குப் பல் வலி.

ஒரு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்குக் கிளம்பினார்கள். நானும் பின்னாலேயே போனேன், வேலையில்லாமல் இல்லை, எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அண்ணி விந்தி விந்தி நடந்தார். கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அதனால் அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

காய்கறிக் கடை வாசலில் ஒரு அம்மா வழிமறித்தார். அண்ணனை மேலும் கீழும் முறைத்துவிட்டு அண்ணியிடம் திரும்பினார். "ஏம்மா, இந்த ஆள் உனக்கு என்ன வேணும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கையை மெதுவாக விடுவிக்கப் பார்த்தார். அண்ணி விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றார். "உங்க தெருவுல எத்தனை குழி தொறந்து கெடக்கு, சொல்லுங்க."